கோயிலைக் கற்ற அம்மையாரும் அவர் விட்டுச் சென்ற ஏடுகளும்

(கும்பாபிஷேக விழாவின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய சொற்பொழிவு)



யாகசாலையில் இரண்டாங்கால பூசை நிறைவுற்றுத் தீபாராதனை கண்ட மகிழ்வோடு நீங்கள் அமர்ந்திருக்கின்றீர்கள். இவ்வேளையில் தலபுராணமோ நாயன்மார் ஒருவரின் வரலாறோ கேட்கலாம் என்று எண்ணியிருப்பீர்கள். அவற்றைப் பேச என்னினும் தகுதியுடைய பெரியோர் நாளை வருகின்றனர். எனக்கு இட்ட பணி, கோயிற் கலையைப் பற்றி ஏதேனும் கூறுக என்பது. அக்கலையை வாழ்நாளெல்லாம் கற்ற ஒருவரைப் பற்றிக் கூறினால் அக்கலையையும் ஓரளவு கூறியதாகும் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் நம் நாட்டிற் பிறந்தவர் அல்லர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் நம் கோயில்களையும் திருவுருவங்களையுமே எண்ணிக் கழித்தவர். பேராசிரியை ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரைத்தான் கூறுகின்றேன்.

அவர் பிறந்தது 1896-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள். அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலும் இந்நாளில் செக் நாட்டிலும் அடங்கிய நிக்கல்ஸ்பர்க் என்னும் சிற்றூரில். இளமையில் பாலே என்னும் மேனாட்டு நடனம் பயின்றார். இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும். குடும்பம் வியன்னா நகருக்குக் குடிபெயர்ந்தது. பகவத்கீதையின் மொழிபெயர்ப்பு ஒன்று சிறுமியின் கையிற் கிட்டியது. படித்தபோது மூச்சே நின்றாற் போலிருந்தது என்று முதுமையில் அவர் நினைவு கூர்ந்ததுண்டு. வியன்னாப் பல்கலைக் கழகத்தில் கலை வரலாறு கற்றுச் சாஞ்சி, பார்ஹுத் ஆகிய இடங்களின் பண்டைப் பௌத்த சிற்பங்களைப் பற்றி ஆராய்ந்து, 1919-இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பொழுது அவர் இந்தியாவைக் கண்டதே இல்லை. புகைப்படங்களையும் நூல்களையும் கொண்டே அவ்வாராய்ச்சி நிகழ்ந்தது.

அந்நாளில் மேலை நாட்டறிஞர் நம் திருவுருவங்களை எவ்வாறு மதித்தனர் என்பதை இன்றைய இளைஞர் அறியார். கிரேக்கச் சிலைகளே அளவுகோல். பல கைகளும் பல முகங்களும் உடைய உருவங்கள் அவர்களுக்கு விகாரமாகத் தோன்றின. காந்தாரத்துச் சிற்பங்களை மட்டும் சிலர் புகழ்ந்தனர். அவற்றில் கிரேக்கச் சாயல் உண்டென்பதே அப்புகழுக்குக் காரணம். 1910-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கூட்டம் ஒன்றில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பார், அமைதியே வடிவாய் அமர்ந்த புத்தர் திருவுருவத்தை, கொழுப்பிட்டு அவித்த பணியாரம் ஒன்றற்கு ஒப்பிட்டுப் பேசினார். ஹாவெல் துரையும் ஆனந்த குமாரசுவாமியும் அத்தகைய கருத்துக்களை எதிர்த்து எழுதிக் கொண்டிருந்த காலம் அது. அவ்வழக்கில் நம் பக்கம் வந்து நின்ற மூன்றாமவர் இவ்விளம்பெண் என்று கூறினால் மிகையன்று.

இங்கிலாந்துக்குச் சென்று இந்தியக் கலை பற்றிச் சொற்பொழிவாற்றிய பொழுது இரவீந்திரநாத தாகூரின் அறிமுகம் கிட்டியது. கவியரசர் அவரைச் சாந்திநிகேதனத்திற்கு அழைத்தார். 1921-ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் இந்தியா வந்து சேர்ந்தார். சாந்திநிகேதனத்திற் சில காலம் கற்பித்தபின், அசுதோஷ் முகர்ஜியின் ஆதரவால் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் இந்தியக் கலை கற்பிக்கும் பணியேற்று, 1950 வரை அங்கிருந்தார். இடையே லண்டன் கோர்ட்டால்ட் கலைக் கழகத்திலும் சில பருவங்கள் கற்பித்து வந்தார். அவனீந்திரநாத தாகூருடன் சேர்ந்து கீழ்நாட்டுக் கலைச் சங்கத்தின் ஆய்விதழையும் நடத்தினார். இவையெல்லாம் உத்தியோக வரலாறு. இதனை விரைந்து கடக்கின்றேன்.

நிற்க வேண்டிய இடம் வேறொன்று. விஷ்ணுதர்மோத்தரம் என்னும் வடமொழி நூலின் மூன்றாம் காண்டத்தில் ஓவியமும் படிமக்கலையும் கூறப்படுகின்றன. அப்பகுதியை 1924-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர் இவரே. அதனிடத்தே ஓர் அழகிய உரையாடல் உண்டு. வஜ்ரன் என்னும் அரசன் மார்க்கண்டேய முனிவரை அடைந்து, தெய்வத் திருவுருவங்களை அமைக்கும் முறையைக் கற்பிக்குமாறு வேண்டுகின்றான். ஓவிய இலக்கணம் அறியாதவனுக்குப் படிமக்கலை விளங்காது என்கிறார் முனிவர். அவ்வாறாயின் ஓவியமே கூறுக என்கிறான் அரசன். ஓவியம் அறிய நாட்டியம் அறிய வேண்டும். நாட்டியம் அறிய வாத்தியம் அறிய வேண்டும். வாத்தியம் அறியக் கீதம் அறிய வேண்டும். சிலை செய்யக் கற்க வந்தவனைப் பாட்டிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார் முனிவர்!

இதனைப் படிக்கும் ஐரோப்பியப் பண்டிதர் பலர் இதனை ஒரு புராண அலங்காரமென்று கருதி அடுத்த ஏட்டைப் புரட்டியிருப்பர். இவரோ தம் கால்களால் நடனம் அறிந்தவர். ஓர் உடல் நிற்கும் நிலையில் எடை எங்கே தங்குகிறது, திரும்பும் இடுப்புக்கு எதிராகத் தோள் எவ்வாறு சாய்கிறது, மூச்சு நிறைந்த மார்பு எவ்வாறு இருக்கும் என்பவற்றை ஏட்டிற் படிக்குமுன் உடம்பிலேயே உணர்ந்தவர். ஆகவே 1933-இல் இந்தியச் சிற்பம் பற்றி அவர் எழுதிய நூலில், நம் சிற்பங்களில் நரம்பும் தசையும் முறுக்கேறிக் காணப்படாமைக்குக் காரணம் சிற்பியின் அறியாமை அன்று என்பதை விளக்க அவரால் முடிந்தது. கிரேக்கச் சிற்பி தசையை வடித்தான். நம் சிற்பி உள்ளே நிறைந்த பிராணனை வடித்தான். மூச்சு நிறைந்த உடலில் தசை தனியே துருத்தி நிற்பதில்லை. இது சொல்லிவிட்டால் எளிது. ஸ்தபதியார் தலையசைக்கின்றார். அவருடைய பாட்டனாருக்கு இது தெரிந்த செய்திதான். ஆயினும் மேலை நாட்டுப் பல்கலைக் கழகங்களில் இதனை அவர்களுடைய மொழியிற் கூற ஒருவர் வேண்டியிருந்தது.

இனி அவருடைய பெருநூலுக்கு வருவோம். 'இந்து ஆலயம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் 1946-ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக் கழகம் வெளியிட்டது, இரண்டு பெருந்தொகுதிகள். ரேமோன் பூர்னியே என்னும் சுவிட்சர்லாந்து நாட்டார் எடுத்த புகைப்படங்கள் அதனை அணி செய்கின்றன. மயமதம், சமராங்கண சூத்திரதாரம், ஈசானசிவகுருதேவ பத்ததி முதலிய நூல்களையெல்லாம் அதில் அவர் சாட்சிக்கு அழைக்கின்றார். அதுவரை கோயில்களைப் பற்றி எழுதியோர் தூண் எத்தகையது, கூரை எத்தகையது, எந்த நூற்றாண்டினது என்று வெளியிலிருந்து வகை பிரித்தனர். இவ்வம்மையார் கேட்ட கேள்வி வேறு. இதனைக் கட்டியவர்கள் தாம் எதனைக் கட்டுவதாக எண்ணினர்? அதற்கு விடை கட்டியவர்களுடைய நூல்களிலேயே இருக்கும் அன்றோ?

அவர் கண்ட விடையைச் சுருக்கிக் கூறுகின்றேன். கோயில் எழுமுன் நிலத்தில் வாஸ்து புருஷ மண்டலம் வகுக்கப்படுகின்றது. அறுபத்து நான்கு பதங்களாகவோ எண்பத்தொரு பதங்களாகவோ அது பிரியும், நடுவிடம் பிரமனுக்குரியது. வேள்விக்கு அடுக்கிய செங்கல் மேடையின் நினைவு அதில் உண்டு. நடுவே கருவறை, சாளரமற்ற, இருள் நிறைந்த, தடித்த சுவர்களையுடைய சிற்றறை. பெயரே கூறுகின்றது, அது கரு. அதே வேளையில் அது மலைக்குகை. அதன்மேல் எழும் விமானம் மலை. இருளிலிருந்து புறப்படும் ஆற்றல் நாற்றிசையும் விரிந்து, வெளிச்சுவரின் கோட்டங்களில் திருவுருவங்களாக வெளிப்படுகின்றது. மேல்நோக்கிச் செல்வது சிகரத்தில் ஒடுங்கி, முனையில் ஒரு புள்ளியாகி, அதற்கு மேலும் கண்ணுக்குத் தெரியாமற் செல்கின்றது. வலம் வருவார் கோட்டத்து உருவங்களை ஒவ்வொன்றாகக் கண்டு வந்து, பின்னர் உள்ளே நுழைந்து, உருவங்கள் குறைந்து குறைந்து இருளும் ஒரு விளக்கும் மட்டுமே உள்ள இடத்தில் நிற்கின்றனர்.

நாளை மறுநாள் காலை நாம் அனைவரும் அண்ணாந்து பார்க்கப் போவது அந்தப் புள்ளியைத்தான். கடங்கள் புறப்பட்டு, சாரத்தின் வழியே மேலேறி, சிவாசாரியார் கலசத்தின்மேல் புனித நீரைச் சொரியும் அந்தக் கணத்தில், கலசத்திற்கு நேர் கீழே கருவறையின் நடுவிடம் இருக்கின்றது. மேலுக்கும் கீழுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அம்மையாரின் நூலைப் படித்த பின்னரே அக்கோட்டை நான் கண்டேன். அதுவரை கூட்டத்தில் நின்று, தெளிக்கும் நீர் என்மேற் படுமா என்று மட்டும் பார்த்துக் கொண்டிருந்தவன் நான்.

குறையும் கூற வேண்டும். குறையே கூறாத புகழ்ச்சி அப்பேராசிரியைக்கு அழகன்று. பல நூற்றாண்டு இடைவெளியில், பல நாடுகளில் எழுந்த நூல்களை ஒரே குரலிற் பேசுவன போல அவர் கோத்துவிட்டார். எந்த அரசன், எவ்வளவு பொன், எத்தனை ஆண்டு, எந்த ஊரார் என்ற கேள்விகளுக்கு அந்நூலில் விடை தேடினால் ஏமாற்றமே. வடநாட்டு நாகரக் கோயில்களுக்கு உள்ள இடம் நம் திராவிட விமானங்களுக்கு அதில் இல்லை. நம்முடைய சோழர் கோயில்களின் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு, விளக்கெரித்த நெய்யின் அளவும் ஆடு அளித்த இடையர்களின் பொறுப்பும் எத்துணை மெய்யானவை என்பது தெரியும். அவை இல்லாத கோயில் பாதிக் கோயில் என்பது என் கருத்து. பின் வந்த அறிஞர்கள், குறிப்பாக மதுசூதன் டாக்கியும் மைக்கேல் மைஸ்டரும், கோயில்களை இடந்தோறும் காலந்தோறும் வகுத்து அளந்து அக்குறையைப் பெரிதும் நிரப்பினர். ஆயினும் அவர்கள் அளக்கத் தொடங்கிய பொழுது, அளக்கப்படுவது இன்னதென்று கூறிய நூல் முன்னரே இருந்தது.

1950-ஆம் ஆண்டு அம்மையாரின் வாழ்வு இரண்டாகப் பிளந்தது. 1929-இல் அவர் மணந்த லாஸ்லோ நெமேனி என்னும் ஹங்கேரியப் பொருளியலறிஞர், நாட்டுப் பிரிவினைக்குப் பின் கராச்சியிற் பணியாற்றச் சென்றிருந்தார். அங்கே துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். அதே ஆண்டில், நார்மன் பிரௌன் என்னும் வடமொழிப் பேராசிரியரின் அழைப்பை ஏற்று, ஐம்பத்து நான்காம் வயதில், அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்திற்கு அம்மையார் சென்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டு வாழ்ந்த நாட்டை விட்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கினார். 1969 வரை அங்கே கற்பித்தார். 1954 முதல் 1972 வரை பிலடெல்பியாக் கலைக் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகவும் விளங்கினார்.

இங்கே நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் காட்சிச்சாலைக்குள் ஒரு மதுரை மண்டபம் நிற்கின்றது! மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த, 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் தூண்கள் அவை. குவியலாகக் கிடந்த அக்கற்களை 1912-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த அடலைன் பெப்பர் கிப்ஸன் என்னும் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். அவர் மறைந்தபின் 1919-இல் குடும்பத்தார் அவர் நினைவாகக் காட்சிச்சாலைக்கு அளித்தனர். அம்மையாரை அழைத்த அதே நார்மன் பிரௌன்தான் அம்மண்டபத்தைப் பற்றி 1940-இல் நூலெழுதியவர். ஆக, கோயிலின் நடுவிடத்தைப் பற்றி உலகுக்கு உரைத்த அம்மையார், நடுவிடத்தினின்றும் பிரிந்து வந்த தூண்களின் பக்கத்திலேயே தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். அத்தூண்களுக்கு அங்கே திருமஞ்சனம் இல்லை. வலம் வருவார் இல்லை. ஆனால் மழையிலும் வெயிலிலும் குவியலாகக் கிடந்து தேய்ந்து போகவும் இல்லை.

இதனைப் பற்றி என் மனம் இன்னும் அமைதி பெறவில்லை என்பதை ஒப்புக் கொள்கின்றேன். அம்மையாரும் இந்தியாவிற் சேர்த்த சிற்பங்கள் பலவற்றை உடன் கொண்டு சென்றார். 1956-இல் காட்சிச்சாலை அவற்றை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அக்கற்கள் எந்தச் சுவரினின்றும் வந்தனவோ என்று நினைக்கும்பொழுது நெஞ்சு உறுத்துகின்றது. அவர் சேர்த்தவற்றுள் வங்கப் பெண்களின் காந்தாத் துணிகளும் உண்டு. கிழிந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து, நடுவே தாமரையும் மூலைகளில் மரங்களும் அமைப்பார்கள். எறிய வேண்டிய கந்தலில் மண்டலத்தைக் கண்ட கண்கள் அவை. 1968-இல் சிற்றூர் மக்களும் பழங்குடியினரும் செய்யும் சமயக் கலைகளுக்கென்றே ஒரு பெருங்காட்சி நடத்தினார். நம் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரைகளும் அப்பொழுது அவர் எழுத்தில் இடம் பெற்றன. நாம் அக்குதிரைகளைக் கலை என்று அப்பொழுது எண்ணியிருந்தோமா?

1981-ஆம் ஆண்டு, எண்பத்தைந்து வயதில், சிவபெருமானின் திருவுருவங்களுக்கென ஒரு பெருங்காட்சியைப் பிலடெல்பியாவில் அமைத்தார். சிவபெருமானைப் பற்றிய அவருடைய பெருநூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. மறு ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தொண்ணூற்றேழாம் வயதில், பிலடெல்பியாவிற் காலமானார்.

அவருடைய ஏடுகள் யாவும், கடிதங்கள், ஆராய்ச்சிக் குறிப்புகள், சொற்பொழிவு வரைவுகள், புகைப்படங்கள், அக்காட்சிச்சாலையின் ஆவணக் காப்பகத்தில் வகைப்படுத்திப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. எவரும் அனுமதி பெற்றுச் சென்று படிக்கலாம். இஃது ஒரு பெரிய செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். அச்சிட்ட நூலிற் காண்பது முடிவு மட்டுமே. எதனை முதலில் தவறாக எண்ணினார், யார் திருத்தினர், எந்தக் கோயிலை எந்த நாளில் எந்த ஒளியிற் கண்டார் என்பவை குறிப்புகளிலேதான் இருக்கும். அடித்தல் திருத்தல் உள்ள ஏடுதான் அறிஞரின் மெய்யான முகம். நம் நாட்டிலோ, பேராசிரியர் ஒருவர் மறைந்த ஓராண்டுக்குள் அவருடைய அலமாரி பழைய காகித வணிகரின் தராசில் ஏறுவதை நானே இருமுறை கண்டிருக்கின்றேன்.

கோயில்களும் அவ்வாறே. நான் பிறந்த ஊரில் ஒரு சிறிய சிவாலயம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே திருப்பணி நடந்தது. நல்லெண்ணத்தோடுதான் நடந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போகவேண்டுமென்று மணலைப் பீய்ச்சிச் சுவர்களைத் துப்புரவு செய்தார்கள். கல் புதுக்கல் போலப் பளபளத்தது, ஊரார் மகிழ்ந்தனர். அதிட்டானத்தில் இருந்த நந்தாவிளக்குக் கல்வெட்டு அம்மணலோடு போயிற்று. எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் இளமையில் அக்கல்வெட்டின் நான்கு வரிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அவருடைய மகன் அதனை என்னிடம் கொடுத்தார். ஐந்தாம் வரி என்ன கூறிற்று என்பது இனி எவருக்கும் தெரியப் போவதில்லை. விளக்கை வைத்தவரின் பெயர் அந்த ஐந்தாம் வரியில் இருந்திருக்கும் என்று நினைக்கின்றேன்.

நேற்று மாலை இக்கோயிலின் அலுவலக அறையில் அமர்ந்திருந்தேன். பூசைச் சாமான் மூட்டைகளுக்கு அடியில் மடித்த தாள்கள் சில தென்பட்டன. எடுத்து விரித்தேன். விமானத்தின் ஒவ்வொரு தளத்துக்கும் ஸ்தபதியார் தம் கையால் எழுதிய அளவுப் படங்கள்! எந்தச் சுதையுருவம் பழையது, எது புதிது, எதன் கை உடைந்திருந்தது, முன்பு பூசிய வண்ணம் யாது என்று ஓரங்களிற் குறித்திருந்தார். விழா முடிந்தபின் இவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சாரம் பிரிக்கும்பொழுது இவையும் போய்விடும் ஐயா, வழக்கம் அதுதான் என்றார்.

இச்செய்தியைக் குழுவின் செயலாளரிடம் கூறினேன். அவர் உடனே ஆளனுப்பித் தகரப்பெட்டி ஒன்று வாங்கி வரச் செய்தார். திருப்பணிக்கு முன்னர் எடுத்த புகைப்படங்கள், பாலாலயம் நடந்த நாளின் குறிப்பு, நன்கொடைக் கணக்கு, இம்மலரின் படி இரண்டு ஆகியவற்றையும் அப்படங்களோடு சேர்த்து வைப்பதாக வாக்களித்திருக்கின்றார். பெட்டி வந்துவிட்டது, நானே பார்த்தேன். பூட்டுத்தான் இன்னும் வரவில்லை. நாளைக் காலை மூன்றாங்கால பூசைக்கு வரும்பொழுது முதலில் அதனைக் கேட்பேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கின்றேன்.